15 அடி உயரம், ஒரு வினாடி

விசாகப்பட்டினம் போயிருந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கப் போனேன். சோவியத் காலத்துக் கப்பல், 2002லிருந்து மணலில் ஏற்றி வைத்து அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். உள்ளே குனிந்து குனிந்து நடந்து, டார்பிடோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் டியூ-142 விமானம் நிற்கிறது. எனக்கு அதைப் பார்த்ததும் பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் அரக்கோணத்துக்குப் பக்கம். 1992ல் அங்கே ராஜாளி கடற்படை விமானதளம் வந்ததிலிருந்து 2017ல் ஓய்வு கொடுக்கும்வரை இந்த விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போய்வந்தன. நான்கு எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர். அந்த உறுமல் வந்தால் வகுப்பில் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கும் விமானம் அது, வயிற்றில் டார்பிடோ சுமக்கும் என்று பெருமையாக மகளிடம் சொன்னேன்.

அவள் உடனே கேட்டாள். "அவ்ளோ பெரிசை மேலேருந்து போட்டா உடையாதாப்பா?"

பாராசூட் இருக்கும்மா, மெதுவா இறங்கும் என்றேன்.

"பாராசூட் இல்லாத காலத்துல?"

சட்டென்று பதில் வரவில்லை. தண்ணீர்தானே, என்ன ஆகிவிடும் என்று ஏதோ சமாளித்தேன். ஆனால் கேள்வி விடவில்லை, ஊர் திரும்பியும் விடவில்லை. அப்புறம் சில மாதங்கள் கிடைத்ததையெல்லாம் படித்ததில் ஒன்று புரிந்தது. விமானத்திலிருந்து டார்பிடோ போடும் கதையை எல்லோரும் விமானத்தின் கதையாகவோ கப்பல் மூழ்கிய கதையாகவோதான் எழுதுகிறார்கள். உண்மையில் கஷ்டமெல்லாம் நடுவில் இருந்தது. விமானத்தை விட்டுப் பிரிந்து தண்ணீரைத் தொடும்வரையான அந்த ஒரு வினாடியில்.

முதலில் டார்பிடோ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெடிமருந்து அடைத்த குழாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரு குட்டிக் கப்பல். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுகமாக இருந்த ஃபியூமேயில் 1866ல் ராபர்ட் வைட்ஹெட் என்கிற ஆங்கிலேய எஞ்சினியர் செய்தது. லூப்பிஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி கொண்டுவந்த யோசனையை எடுத்து, அழுத்தி அடைத்த காற்றால் ஓடும் எஞ்சின் வைத்தார். ஓடியது. ஆனால் ஆழம் நிலைக்கவில்லை, மேலே வந்து தலைகாட்டும், இல்லையென்றால் உள்ளே போய்விடும். அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப அழகானது. தண்ணீரின் அழுத்தத்தை உணரும் ஒரு வால்வு, அதோடு சேர்த்து ஒரு ஊசல். வால்வு "ஆழமாகப் போகிறோம்" என்று சொல்லும், ஊசல் "மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது" என்று சொல்லும், இரண்டும் சேர்ந்து வாலில் இருக்கும் கிடைத்துடுப்பைத் திருப்பும். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'இரகசியம்'. பல நாட்டுக் கடற்படைகள் காசு கொடுத்து அந்த இரகசியத்தை வாங்கின. 1890களில் ஓப்ரி என்பவருடைய சுழல்காட்டியும் சேர்ந்தது. கைரோஸ்கோப் என்றால் நிறையப் பேருக்குத் தெரியும். பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும், டார்பிடோ இடம் வலம் திரும்பினால் நேர்ப்படுத்தும்.

ஆக உள்ளே வால்வு, ஊசல், பம்பரம், காற்றுத் தொட்டி, குட்டி எஞ்சின். கடிகாரம் மாதிரி நுணுக்கமான சாமான். கப்பலின் குழாயிலிருந்து பதமாகத் தண்ணீருக்குள் தள்ளிவிடுவதற்காகச் செய்தது. இதைத்தான் ஆகாயத்திலிருந்து போடப் போகிறார்கள்.

என்ன ஆகும் என்று தெரிய எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டாம், கிணற்றில் குதித்திருந்தால் போதும். எங்கள் ஊர்ப் பக்கம் கமலைக் கிணற்று மேட்டிலிருந்து குதித்துத்தான் நீச்சல் பழகினோம். உடம்பைத் தட்டையாகப் போட்டுக்கொண்டு விழுந்தால் பளார் என்று வயிற்றில் அறை விழும், தோல் சிவந்து மூச்சு நின்றுபோகும். சரி என்று தலைகீழாகச் செங்குத்தாகக் குதித்தால் வலிக்காது, ஆனால் கை போய்ச் சேற்றில் குத்தும், சித்திரை மாதத்துக் கிணறாக இருந்தால் பாறையில் குத்தும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வு இருக்கிறது. அது கைவர எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது.

டார்பிடோவுக்கும் இதே கதைதான். தட்டையாக விழுந்தால் ஓடு நசுங்கும், உள்ளே இருக்கும் கடிகார வேலை எல்லாம் குலையும். மூக்கு குத்தி விழுந்தால் ஆழத்துக்குப் போய்த் தரையில் குத்தி நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு, எனக்கு முதலில் தோன்றவே இல்லை. விழும்போது அது தன் அச்சில் உருண்டுவிட்டால்? வாலில் நான்கு துடுப்பு. இரண்டு மேல்-கீழுக்கு, இரண்டு இடம்-வலத்துக்கு. கால் சுற்று உருண்டுவிட்டால் மேலே தூக்க வேண்டிய துடுப்பு பக்கவாட்டில் திருப்பும். பாவம், ஊசலும் வால்வும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்யும். டார்பிடோ மட்டும் எங்கோ போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 அடி உயரத்திலிருந்து விழ ஏறக்குறைய ஒரு வினாடி. 100 அடியென்றால் இரண்டரை வினாடி, தண்ணீரில் மோதும்போது கீழ்நோக்கிய வேகமும் இரண்டரை மடங்கு. அதனால்தான் ஆரம்ப காலத்து விமானிகள் எல்லோரும் அலையை உரசுகிற மாதிரி தாழப் பறந்தார்கள். வீரம் என்று படத்தில் காட்டுவது பாதிக்கு மேல் டார்பிடோ உடையக்கூடாதே என்கிற கவலை.

யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று தேடினால் அமெரிக்கக் கடற்படையில் பிராட்லி ஃபிஸ்க் வருகிறார். பிலிப்பைன்ஸ் தீவுகளைக் குறைந்த செலவில் எப்படிக் காப்பது என்று யோசித்தபோது தோன்றியதாம். 1912ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் அன்றைய விமானங்கள் விமானியையே திணறித் திணறித் தூக்கிக்கொண்டிருந்தன, டார்பிடோவை எங்கே தூக்குவது. இத்தாலியில் அலெஸ்ஸாண்ட்ரோ குயிதோனி என்ற கடற்படை அதிகாரி காகிதத்தோடு நிற்கவில்லை. 1912லேயே ஃபார்மன் விமானத்திலிருந்து எடைகளைப் போட்டுப் பார்த்தார். அப்புறம் பதேராஸ் பெஸ்காரா என்பவரோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு விமானம் கட்டி, 1914 பிப்ரவரியில் 170 கிலோ எடையுள்ள போலி டார்பிடோவைப் போட்டார். விமானத்துக்குத் தெம்பு போதவில்லை என்று திட்டத்தைக் கைவிட்டார்கள். இந்தக் குயிதோனி 1928ல் புதுவகைப் பாராசூட் ஒன்றைத் தானே சோதித்துப் பார்க்கக் குதித்து இறந்துபோனார். ரோம் நகரத்துக்குப் பக்கத்தில் குயிதோனியா என்று ஒரு ஊரே அவர் பெயரில் இருக்கிறது. என் மகளின் பாராசூட் கேள்வியோடு இவரைப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது.

பிரிட்டனில் மர்ரி சூட்டர் என்பவர் கடற்படையின் விமானப் பிரிவுக்குத் தலைவர். டார்பிடோ பைத்தியம் என்றே சொல்லலாம். கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலும் கூட நின்றார். 1914 ஜூலை 28 அன்று, சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் கால்ஷாட்டில், ஆர்தர் லாங்மோர் என்ற விமானி 160 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட ஷார்ட் கடல்விமானத்தில் 14 அங்குல டார்பிடோவைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். எடை 810 பவுண்டு, நம் கணக்கில் 367 கிலோ. மிதவைகள் இரண்டுக்கும் நடுவில் டார்பிடோ தொங்க இடம் வேண்டுமென்று குறுக்குச் சட்டத்தை வில் மாதிரி மேலே வளைத்திருந்தார்கள். விமானம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் எழும்பியது. ஆனால் டார்பிடோ ஓடியது. அதே நாளில்தான் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது, அதாவது டார்பிடோ பிறந்த ஊருக்குச் சொந்தக்கார நாடு. இந்தத் தற்செயலைக் கவனித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் பயணிகளை ஏற்றிப்போன ஒரு நீராவிக் கப்பல், 1908ல் கட்டியது. பெயர் பென்-மை-க்ரீ. அந்தத் தீவின் மாங்க்ஸ் மொழியில் 'என் நெஞ்சுக்கினியவள்' என்று பொருள். முதல் உலகப் போர் வந்ததும் நெஞ்சுக்கினியவளைக் கடற்படை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் கொட்டகை அடித்து, கடல்விமானங்களை ஏற்றி 1915ல் துருக்கியின் கல்லிப்போலிப் போர்முனைக்கு அனுப்பியது. விமானம், ஷார்ட் 184. சன்பீம் எஞ்சின் 225 குதிரைத்திறன், இறக்கை 63 அடி. கேட்க வாட்டசாட்டமாக இருக்கிறது. ஆனால் டார்பிடோவை மாட்டிவிட்டால் கூடப் போகும் அவதானிப்பாளரை இறக்கிவிட வேண்டும், பெட்ரோலையும் குறைக்க வேண்டும், கடலும் சமர்த்தாக இருக்க வேண்டும். அலை அதிகமாக இருந்தால் மிதவை தண்ணீரைவிட்டுப் பிரியவே பிரியாது.

ஆகஸ்ட் 12. சார்லஸ் எட்மண்ட்ஸ் தனியாக ஏறினார். சாரோஸ் வளைகுடாவிலிருந்து புலாயர் நிலச்சந்தியின் மேலாகப் பறந்து மர்மரா கடலுக்குள் நுழைந்தார். ஒரு துருக்கிய நீராவிக் கப்பல் கண்ணில் பட்டது. 15 அடிவரை இறங்கி டார்பிடோவை விட்டார். அது ஒழுங்காகத் தண்ணீருக்குள் போய், ஒழுங்காக ஓடி, கப்பலின் விலாவில் வெடித்தது. உலகத்தில் விமானத்திலிருந்து போட்ட டார்பிடோ ஒரு கப்பலைத் தாக்கியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்தக் கப்பல் ஏற்கனவே செத்த பாம்பு. சில நாள் முன்பே ஈ-14 என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதை அடித்து, அது கரை தட்டிக் கிடந்தது. எட்மண்ட்ஸுக்கு அப்போது அது தெரியாது.

சரி, ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 17. எட்மண்ட்ஸ் மறுபடி போய் இன்னொரு கப்பலை அடித்தார், தீப்பிடித்து எரிந்தது. அன்றைக்குக் கூடவே இன்னொரு விமானத்தில் போனவர் டேக்கர். அவருக்கு வழியிலேயே எஞ்சின் மக்கர் பண்ணியது. இறங்குவதைத் தவிர வழியில்லை, இறங்கிய இடமோ எதிரியின் கடல். நினைத்துப் பாருங்கள், எஞ்சின் அரைகுறையாக இருமிக்கொண்டிருக்கிறது, இரண்டு மிதவைக்கு நடுவில் 367 கிலோ தொங்குகிறது, சுற்றிலும் துருக்கிக் கரை. நானாக இருந்தால் டார்பிடோவைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கத்தான் பார்த்திருப்பேன். டேக்கர் பக்கத்துக் குடாவில் ஒரு இழுவைக் கப்பல் நிற்பதைப் பார்த்தார். விமானத்தைப் படகு மாதிரி தண்ணீரிலேயே ஓட்டிக்கொண்டு போய், குறி பார்த்து, டார்பிடோவை விட்டார். இழுவைக் கப்பல் போய்ச் சேர்ந்தது. பாரம் போனதும் விமானம் இலேசாகிவிட்டது. அந்த நோஞ்சான் எஞ்சினோடே தண்ணீரில் ஓடி ஓடி எழும்பித் தாய்க்கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

இணையத்தில் 'முதன்முதலில் மூழ்கடித்தது யார்' என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். முதல் கப்பல் ஏற்கனவே அடிபட்டது, மூன்றாவது டார்பிடோவை விமானம் பறக்காமலே விட்டது, ஆகவே கணக்கில் சேராது, இப்படி. எனக்கு அந்தச் சண்டையில் ருசி இல்லை. டேக்கர் விஷயத்தில் நான் பார்ப்பது வேறு. அவருடைய டார்பிடோ விழவே இல்லை. அந்தப் பொல்லாத ஒரு வினாடி அதற்கு வாய்க்கவே இல்லை. செய்த முறைப்படி, பதமாக, தண்ணீர் மட்டத்திலேயே போனது. எட்மண்ட்ஸுடைய இரண்டும்தான் விழுந்து பிழைத்தவை, அதுவும் அவர் 15 அடிக்கு இறங்கியதால்.

பென்-மை-க்ரீயை 1917 ஜனவரியில் துருக்கியப் பீரங்கிகள் கஸ்டெலோரிஸோ தீவுத் துறைமுகத்திலேயே வைத்துக் கொளுத்திவிட்டன.

ஜெர்மானியர்களும் சும்மா இல்லை. பெல்ஜியத்தின் ஸீப்ரூகே தளத்திலிருந்து இரட்டை எஞ்சின் கடல்விமானங்களை அனுப்பி 1917 மே 1ல் இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அருகே ஜெனா என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தார்கள். மூழ்கும் கப்பலின் பீரங்கி தாக்கியவற்றில் ஒன்றைச் சுட்டு வீழ்த்திவிட்டது. ஒன்றுக்கு ஒன்று.

பிரிட்டனில் சூட்டருக்கு ஒன்று புரிந்துவிட்டது. மிதவைதான் சனியன். மிதவையைத் தூக்கி எறிந்தால் அந்த எடையில் டார்பிடோவைத் தூக்கலாம். 1916 அக்டோபரில் சாப்வித் கம்பெனியிடம் சக்கரம் வைத்த, ஒரே ஆள் ஓட்டுகிற, கப்பல் தளத்திலிருந்து எழும்புகிற விமானம் கேட்டார். வேலை பாதியில் இருக்கும்போதே மேலிடத்தோடு மனஸ்தாபம், அவரை மத்தியதரைக் கடல் பக்கம் மாற்றிவிட்டார்கள். விமானம் தொழிற்சாலையில் எலும்புக்கூடாகக் கிடந்தது. 1917 தொடக்கத்தில் அங்கே வேறு வேலையாக வந்த ஒருவர் இது என்ன என்று விசாரித்து, முடிக்கச் சொல்லி மேலே எழுதினார். அவர் யார் தெரியுமா? கால்ஷாட்டில் முதல் டார்பிடோவைப் போட்ட அதே லாங்மோர். அந்த ஆளுக்குத்தானே தெரியும் அதன் அருமை.

அப்படி வந்ததுதான் சாப்வித் குக்கூ. குயில். அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் பறவை என்பதால் வைத்த பெயர், எதிரியின் துறைமுகத்துக்குள் போய் முட்டையிடுமாம். காக்கைக் கூட்டுக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கமே தேவையில்லை. 18 அங்குல டார்பிடோ, 1,000 பவுண்டு. தளபதி பீட்டி 1917ல் பெரிய திட்டமே போட்டார். எட்டு வணிகக் கப்பல்களை மாற்றி, 120 குயில்களை ஏற்றி, ஜெர்மன் கடற்படையை அதன் கூட்டிலேயே போய் அடிப்பது. கடற்படைத் தலைமை ஒத்துக்கொள்ளவில்லை. விமானம் கட்டும் வேலையையும் முன்பின் பழக்கமில்லாத கம்பெனிகளிடம் கொடுத்து இழுத்தடித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டியிருந்த ஈஸ்ட் ஃபார்ச்சூனில் விமானிகள் பழகினார்கள். 1918 அக்டோபரில்தான் குயில்கள் ஆர்கஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஏறின. நவம்பரில் போர் முடிந்தது. 21ஆம் தேதி ஜெர்மன் கடற்படை சரணடைய வந்து சேர்ந்த இடம், அதே ஃபோர்த் கழிமுகம். குயில் முட்டையிடக் காத்திருக்க, கூடே கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டது.

முட்டை வேறெங்கோ பொரிந்தது. 1921ல் செம்பில் பிரபு தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஜப்பானின் கசுமிகௌராவுக்குப் போய்க் கடற்படை விமானிகளுக்குப் பாடம் நடத்தியது. கொண்டுபோன விமானங்களில் ஆறு குக்கூ. கற்றுக்கொடுத்தவர்கள் விஷயத்தை மறந்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள், கற்றுக்கொண்டவர்கள் அந்த ஒரு வினாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். 1931ல் விமானத்துக்கென்றே செய்த டார்பிடோ, ரகம் 91. 1936ல் அதன் வாலில் மரப்பலகையால் ஒரு நீட்டல் மாட்டினார்கள். காற்றில் விழும்போது அம்பின் இறகு மாதிரி நேராகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரைத் தொட்டதும் முறிந்து போய்விடும். வெறும் மரம்! இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தைக் காப்பாற்றியது உடைவதற்கென்றே செய்த ஒரு கட்டை. உருளும் நோய்க்கு மருந்து அப்புறம்தான் வந்தது. பக்கத்தில் சின்னத் துடுப்பு, அதை ஆட்ட ஒரு சுழல்காட்டி, 1941ல்.

அதற்குள் 1940 நவம்பர் 11 இரவு பிரிட்டனின் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தில் மூன்று போர்க்கப்பல்களை அடித்துவிட்டன. 21 விமானம், அதில் டார்பிடோ சுமந்தவை 11 மட்டும். ஆழம் குறைந்த துறைமுகம். அவர்கள் செய்த தந்திரம் இன்னும் எளிமை. விமானத்தில் ஒரு உருளை, அதில் சுற்றிய கம்பி, கம்பியின் நுனி டார்பிடோவின் மூக்கில். விழும்போது கம்பி பிரிந்து பிரிந்து மூக்கைத் தூக்கிப் பிடிக்கும். குத்தாமல் வயிற்றடியாக விழும். ஆழமில்லாத கிணற்றில் வயிறு சிவந்தாலும் பரவாயில்லை, தலை பிழைக்கட்டும் என்கிற கணக்கு.

டாரன்டோவைப் பார்த்துத்தான் ஜப்பான்காரன் கற்றுக்கொண்டான் என்று எழுதுகிறார்கள். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன், மரவால் அதற்கு நான்கு வருஷம் மூத்தது. டாரன்டோ கொடுத்தது துணிச்சல். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரின் ஆழம் சுமார் 12 மீட்டர். சாதாரணமாகப் போட்டால் அதைவிட ஆழமாகப் போய்த்தான் டார்பிடோ நிமிரும். ககோஷிமா வளைகுடாவில் தாழப் பறந்து பறந்து பழகி, மரவாலும் உருட்டுத் தடுப்பும் சேர்த்து, 1941 டிசம்பர் 7 காலை 40 விமானங்கள் அந்தச் சித்திரை மாதத்துக் கிணற்றில் குதித்தன. அமெரிக்காவோ யோசனைக்கு முதலில் காப்புரிமை வாங்கிய நாடு. அடுத்த வருஷம் ஜப்பானோடு மோதிய மிட்வே கடற்சண்டையில்கூட அதன் விமானிகள் தாழவும் மெதுவாகவும் பறந்து டார்பிடோ போட வேண்டியிருந்தது. அதனாலேயே கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பின்னால் அவர்களும் மூக்குக்கும் வாலுக்கும் மரம்தான் மாட்டினார்கள், அப்புறம்தான் உயரத்திலிருந்து வேகமாகப் போட முடிந்தது.

இதையெல்லாம் மகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கப்பல், போர், தேதி எதிலும் அவளுக்கு அக்கறை இல்லை. எட்மண்ட்ஸ் கதைக்குத் தலையாட்டினாள். டேக்கருக்குச் சிரித்தாள். மரவால் வந்ததும் நிறுத்தினாள்.

"அந்தக் கட்டை உடைஞ்சு எங்கப்பா போகும்?"

மரம்தானே, மிதந்திருக்கும் என்றேன்.